எண்ணூறுக்கு இடமில்லாத பதினொருவர்

(இல்ஃபோர்ட்டில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2011 ஜூலை 21 அன்று லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் இந்தியாவும் ஆடத் தொடங்கிய ஆட்டம் டெஸ்ட் வரலாற்றில் 2000ஆவது. அதைக் கொண்டாடச் சர்வதேச கிரிக்கெட் சபை ரசிகர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தது. அறுபது பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதுவரை ஆடியவர்களில் தலைசிறந்த பதினொருவரை இணையத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள்: சேவாக், கவாஸ்கர், பிரட்மன், டெண்டுல்கர், லாரா, கபில்தேவ், கில்கிறிஸ்ட், வோர்ன், வசீம் அக்ரம், அம்புரோஸ், மெக்ராத்.

விருந்து இங்கிலாந்தின் வீட்டில். பந்தியில் இங்கிலாந்துக்காரர் ஒருவர்கூட இல்லை. ஆனால் தமிழ் வீடுகளில் அது யாருக்குக் கவலை? அங்கே எழும் முதற் கேள்வி வேறு. முரளி எங்கே?

கேள்வி நியாயமானதுதான். ஓராண்டுக்கு முன்னர், 2010 ஜூலை 22 அன்று, இலங்கையின் காலி மைதானத்தில் பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டோடு முத்தையா முரளிதரன் 800ஐத் தொட்டு விடைபெற்றிருந்தார். 133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. ரசிகர்கள் தேர்ந்த ஷேன் வோர்ன் 145 டெஸ்டில் 708 விக்கெட், சராசரி 25.41. ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த தடவைகளை எண்ணினால் முரளிக்கு 67, வோர்னுக்கு 37. ஓர் ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்தவை 22க்கு 10. மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஒருநாள் ஆட்டம் பிறந்து 40 ஆண்டுகள் ஆனதையொட்டி அதே சபை இதேபோல ஒரு வாக்கெடுப்பை நடத்தியது. அந்த அணியில் முரளி இருந்தார், வோர்ன் இல்லை. ஐந்து மாத இடைவெளியில் ரசிகர்கள் சிறிய ஆட்டத்துக்கு முரளியையும் பெரிய ஆட்டத்துக்கு வோர்னையும் எடுத்துக்கொண்டார்கள். ரசிகர்களுக்குக் கிரிக்கெட் தெரியாது என்று ஒரே வீச்சில் தள்ளிவிட நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் இடறும்.

முரளியின் பக்கம் நிற்பவர்கள் எதிர்க்கணக்கையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். 800இல் 176 விக்கெட் பங்களாதேஷுக்கும் சிம்பாப்வேக்கும் எதிராக வந்தவை. அந்த இரு நாடுகளிடமும் வோர்ன் எடுத்தவை வெறும் 17. இரண்டையும் கழித்துவிட்டால் முரளியின் சராசரி 25ஐ நெருங்குகிறது, வோர்னோடு ஏறக்குறைய தோளுக்குத் தோள். 493 விக்கெட் இலங்கை மண்ணில் எடுத்தவை. அவுஸ்திரேலியாவில் ஆடிய ஐந்து டெஸ்டில் 12 விக்கெட்தான், சராசரி 75ஐத் தாண்டியது. வோர்ன் ரசிகர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்வார்கள். அவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது: இந்தியாவில் வோர்னின் சராசரி 43. 1998 மார்ச்சில் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் எடுத்த 155ஐப் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் தராசில் ஏறவேண்டும். வோர்ன் பந்தைக் கையில் வாங்கும்போது மறுமுனையில் மெக்ராத், கில்லெஸ்பி, லீ என்று யாராவது எதிரணியை ஏற்கெனவே பாதி உடைத்து வைத்திருப்பார்கள். முரளிக்குச் சமிந்த வாஸ் இருந்தார். மற்றபடி பெரும்பாலும் அவரே தச்சர், அவரே கொல்லர். டெஸ்டில் மட்டும் 44 ஆயிரம் பந்துகளுக்கு மேல் வீசினார்.

சரி, ரசிகர்களை விடுவோம். விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2010இல் கிரிக்இன்ஃபோ இணையத்தளம் ஒரு நடுவர் குழுவைக் கொண்டு எக்காலத்துக்குமான உலகப் பதினொருவரைத் தேர்ந்தது. அதிலும் வோர்ன்தான், முரளி இல்லை. 2000ஆம் ஆண்டு விஸ்டன் கிரிக்கெட் ஆண்டேடு 100 வல்லுநர்களைக் கேட்டு நூற்றாண்டின் ஐந்து வீரர்களை அறிவித்தபோது, அப்போதும் ஆடிக்கொண்டிருந்தவர்களில் அந்த ஐவருக்குள் வந்தவர் வோர்ன் ஒருவரே. அதே விஸ்டன் 2002இல் மனிதர்களை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் வைத்து டெஸ்ட் பந்துவீச்சாளர்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் முரளிதரனுக்கு. கணக்குப் போட்டால் முரளி, ஆளைக் கேட்டால் வோர்ன்.

ஏன் அப்படி என்பதற்கு இல்ஃபோர்ட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. இங்கே வலண்டைன்ஸ் பூங்காவில் எசெக்ஸ் அணி 1923 தொடங்கி 2002 வரை முதல்தர ஆட்டங்களை ஆடிவந்தது. மதராஸ் அணிக்காக ரஞ்சி ஆடிய ஜோ ஹுசைன் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்து, இந்த ஊரில் இல்ஃபோர்ட் கிரிக்கெட் பள்ளியை நடத்தினார். அவருடைய மகன், 1968இல் மதராஸில் பிறந்த நாசர், லெக் ஸ்பின் வீசும் சிறுவன். எட்டு வயதிலேயே எசெக்ஸின் 11 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவன். பிறகு வளர்ந்தான். உயரம் கூடக்கூடப் பந்தின் பறப்பு குலைந்தது. ஒரு கட்டத்தில் பந்து அவன் சொன்னதைக் கேட்கவில்லை. மட்டையைப் பிடித்துக்கொண்டு, துடுப்பாட்டக்காரனாக இங்கிலாந்தின் தலைவர் பதவிவரை போனது எல்லோருக்கும் தெரிந்த மிச்சக் கதை. சில அங்குல உயரம் கூடினாலே கைநழுவிப் போகும் வித்தை லெக் ஸ்பின். அழிந்துபோய்விட்டது என்று பலர் எழுதித் தள்ளிய அந்த வித்தையை வோர்ன் ஒற்றை ஆளாக மீட்டுக் கொண்டுவந்தார். 1993 ஜூன் 4 அன்று ஓல்ட் டிரஃபோர்டில் மைக் கேட்டிங்கின் காலுக்கு வெளியே விழுந்து ஓஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டிய பந்தைத் தொலைக்காட்சி எத்தனை தடவை காட்டியிருக்கும்! வோர்னுக்கு விழுந்த வாக்குகளில் கணிசமானவை அந்த ஒரு பந்துக்கு விழுந்தவை.

முரளிக்கு அப்படி ஒரு பந்து இல்லை. லண்டனில் அவர் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 ஓகஸ்ட் இறுதியில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 445 ஓட்டங்கள் எடுத்தது. அந்த ஆட்டத்தையே இலங்கை பத்து விக்கெட்டால் வென்றது. இரண்டாவது இன்னிங்ஸில் முரளி 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட். மீதி ஒரு விக்கெட் ரன் அவுட், இல்லாவிட்டால் அதுவும் அவர் பையில்தான் விழுந்திருக்கும். ஆட்டம் முழுவதிலும் 16 விக்கெட். அது மணிக்கணக்காக, ஓவர் ஓவராக அரைத்து எடுத்த வெற்றி. உடம்பால் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அதன் ருசி தெரியும். முப்பது வினாடிச் செய்தித் துணுக்கில் அது அடங்காது. முரளியின் வாழ்க்கையில் உலகம் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹேர் ஏழு தடவை கையை நீட்டி நோபால் சொன்ன காட்சி. முழங்கை 15 பாகைவரை மடிந்து நிமிரலாம் என்று பின்னர் விதியே வகுக்கப்பட்டது. ஆயினும் படம் அழியவில்லை. ஒருவருக்குப் படம் வாக்கு வாங்கித் தந்தது, மற்றவரிடமிருந்து படமே வாக்கைப் பறித்தது.

இனி வாக்குச் சீட்டுக்கு வருவோம். அது இடவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தொடக்க ஆட்டக்காரர் இருவர், நடுவரிசையில் மூவர், சகலதுறை வீரர் ஒருவர், விக்கெட் காப்பாளர் ஒருவர், வேகப்பந்துக்கு மூவர், சுழற்பந்துக்கு ஒரே ஒருவர். ஆக, வோர்ன் சிறந்தவரா முரளி சிறந்தவரா என்று கேட்டார்களே ஒழிய, இருவரும் ஓர் அணியில் இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. காலியிலோ சேப்பாக்கத்திலோ டெஸ்ட் ஆடும் எந்தத் தலைவரும் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள் இல்லாமல் இறங்க யோசிப்பார். சீட்டை அச்சிட்டவர்களின் மனதில் இருந்த ஆடுகளம் வேறு போலும். ரசிகர்களின் தவறு என்று நாம் எண்ணுவதில் பாதி, கேள்வித்தாள் தயாரித்தவர்களின் தவறு.

ரசிகர்கள் உண்மையிலேயே தடுக்கி விழுந்த இடம் முரளி அல்ல, கார்ஃபீல்ட் சோபர்ஸ். 8032 ஓட்டங்கள், சராசரி 57.78. அதற்கு மேல் 235 விக்கெட், அதுவும் வேகம், இடதுகை மரபுச் சுழல், மணிக்கட்டுச் சுழல் என மூன்று விதமாக. விஸ்டனின் 100 வல்லுநர்களில் 90 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். பிரட்மனுக்கு மட்டுமே அதைவிட அதிகம், நூற்றுக்கு நூறு. சர்வதேச கிரிக்கெட் சபையே ஆண்டின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் விருதின் பெயர் சேர் கார்ஃபீல்ட் சோபர்ஸ் கிண்ணம். அந்தச் சபை நடத்திய வாக்கெடுப்பில் அவருக்கு இடமில்லை. கபில்தேவுக்கு இருக்கிறது.

கபில் குறைந்தவர் அல்லர். 434 விக்கெட்டும் 5248 ஓட்டங்களும் விளையாட்டா? உயிரற்ற இந்திய ஆடுகளங்களில் வேகப்பந்து வீசியே ஒரு தலைமுறையைத் தாங்கியவர். ஆனாலும் அவருடைய துடுப்பாட்டச் சராசரி 31, சோபர்ஸின் சராசரி 58ஐத் தொட்டது. இடைவெளி சின்னதல்ல. 1983 ஜூன் 25 அன்று லோர்ட்ஸ் மாடத்தில் கபில் உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நின்ற படம் இந்திய வீடுகளில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அது ஒருநாள் ஆட்டத்தின் கிண்ணம், கேட்டதோ டெஸ்ட் அணி. யார் அதையெல்லாம் பார்த்தார்கள்? சோபர்ஸ் கடைசி டெஸ்ட் ஆடியது 1974இல். 2011இல் கணினி முன் உட்கார்ந்து வாக்களித்தவர்களில் மிகப் பலருக்கு அவர் தாத்தா சொன்ன கதை.

அப்படியானால் பிரட்மனை எப்படித் தேர்ந்தார்கள் என்று கேட்கலாம். அவர் 1948லேயே டெஸ்டிலிருந்து ஓய்ந்தவர், இந்தியாவில் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். அவருக்கு 99.94 என்ற எண் இருக்கிறது. பார்க்காதவர்களுக்கும் அந்த எண்ணே படம்.

இந்தியாவின் மக்கள்தொகைதான் அந்த அணியைத் தேர்ந்தது என்ற முணுமுணுப்பு அன்றும் கேட்டது. பதினொருவரில் நால்வர் இந்தியர், நால்வர் அவுஸ்திரேலியர், மேற்கிந்தியர் இருவர், பாகிஸ்தானியர் ஒருவர். அன்று 120 கோடிப் பேர் இருந்த நாடு கண்ணை மூடிக்கொண்டு தன் ஆட்களுக்கே குத்தியிருந்தால் நால்வரோடு நின்றிருக்காது. கும்ளே, பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று சுழற்பந்து வம்சமே வைத்திருக்கும் நாட்டவர்கள் அந்த ஒற்றை இடத்தை ஓர் அவுஸ்திரேலியரிடமிருந்து பிடுங்கவில்லை. சேவாக் வந்தது வேறு கதை. 2008இல் சென்னையில் 278 பந்தில் அவர் 300ஐக் கடந்ததன் நினைவு அப்போது பச்சையாக இருந்தது. ஜாக் ஹொப்ஸையும் லென் ஹட்டனையும் தாண்டி அவரைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பச்சை நினைவு.

உண்மையான கூட்டுச் சதியைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். அங்கே பேஸ்போல் ஆட்டத்தில், நம்மவர்களுக்குச் சொல்வதானால் எல்லே விளையாட்டின் பணக்கார அண்ணனில், 1933 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் நட்சத்திர ஆட்டம் நடக்கிறது. 1957இல் தேசிய லீக் அணிக்கு ரசிகர்கள் வாக்களித்தபோது, பந்தெறிபவரை விட்டால் மீதி எட்டில் ஏழு இடங்களைச் சின்சினாட்டி ரெட்ஸ் அணியினர் பிடித்தார்கள். சின்சினாட்டியின் செய்தித்தாள் உள்ளூர் வீரர்களின் பெயர்களை முன்கூட்டியே குறித்த வாக்குச் சீட்டுகளை அச்சிட்டு வாசகர்களுக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பருவத்தில் சின்சினாட்டி லீக்கில் நாலாவது இடத்துக்கு வந்த அணி. ஆணையர் ஃபோர்ட் ஃபிரிக் பொறுக்கவில்லை. கஸ் பெல், வொலி போஸ்ட் இருவரையும் எடுத்துவிட்டு வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் போட்டார். ரசிகர்களிடமிருந்து வாக்குரிமையையே பறித்தார்கள். அது திரும்பக் கிடைத்தது 1970இல்தான்.

2015இல் வாக்கு முழுக்க இணையத்துக்கு மாறியபோது கன்சாஸ் சிட்டி ரோயல்ஸ் ரசிகர்கள் அதே கைங்கரியத்தைச் செய்தார்கள். ஒரு கட்டத்தில் எட்டு இடங்களில் அவர்களின் ஆட்களே முன்னணி. ஆறு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளைச் செல்லாதவை என்று லீக் நீக்கியது. கடைசியில் நால்வர் மிஞ்சினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது யார் என்றால், அதே கன்சாஸ் சிட்டி. பைத்தியக்காரர்கள் என்று பெயர் வாங்கிய ரசிகர்கள் தங்கள் அணியைப் பற்றி அவ்வளவு பிழையாகவும் எடைபோட்டிருக்கவில்லை.

2016இல் பனி ஹொக்கியில் நடந்தது இன்னும் சுவை. கோல் அடிப்பதைவிட எதிராளியை அடிப்பதில் பேர் வாங்கிய ஜோன் ஸ்கொட்டை ரசிகர்கள் வேடிக்கைக்காக நட்சத்திர ஆட்டத்துக்கு வாக்களித்து அனுப்பினார்கள். நிர்வாகிகள் நெளிந்தார்கள். இடையில் அவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டுக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டார். அப்படியும் அவர் போனார், இரண்டு கோல் அடித்தார், அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் வாங்கினார்.

வல்லுநர்கள் தேர்ந்த நட்சத்திரங்கள் மட்டும் கிழித்தார்களா என்றால், 2005ஐப் பார்க்கலாம். சுனில் கவாஸ்கர் தலைமையிலான குழு உலக அணி ஒன்றைத் தேர்ந்து அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. லாரா, சேவாக், டிராவிட், கலிஸ், இன்சமாம், ஃபிளின்டோஃப், முரளி. பெயர்களைக் கேட்டாலே மெய்சிலிர்க்கும். மூன்று ஒருநாள் ஆட்டம், ஒரு டெஸ்ட். நான்கிலும் தோல்வி. சிட்னியில் நடந்த அந்த டெஸ்டில் முரளி ஒரு பக்கம், வோர்ன் மறுபக்கம். சீட்டில் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்ட இருவரும் ஆடுகளத்தில் நேருக்கு நேர் நின்ற ஆட்டங்களில் அதுவும் ஒன்று. முரளியின் 800இல் ஐந்து, இலங்கைக்காக அல்லாமல் அந்த உலக அணிக்காக எடுத்தவை.

தமிழர்கள் ஒன்று சேர்ந்து வாக்களித்திருந்தால் முரளி வந்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இந்த லண்டன் நகரத்திலிருந்தே ஒலிபரப்பானது. 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாவது ஆண்டையொட்டி உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்களுக்கு நேயர்களிடம் வாக்குக் கேட்டது. முதலிடம் அயர்லாந்தின் விடுதலைப் பாட்டுக்கு, இரண்டாவது வந்தே மாதரம். நாலாவது தளபதி படத்தில் இளையராஜா இசையமைத்த ராக்கம்மா கையத் தட்டு. ஐந்தாவது, திருமலை சந்திரன் பாடிய ஈழத்துப் பாடல், பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது. பீட்டில்ஸுக்குப் பத்துக்குள் இடமில்லை. இசை விமர்சகர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இருக்கட்டும். ஊரைவிட்டு நடந்தவர்கள் அந்தப் பாட்டுக்கு அளித்த வாக்கு, இசைக்கு இட்ட மதிப்பெண் என்று யார் சொன்னது?

முரளி விடயத்தில் அந்தத் திரட்சி எளிதல்ல. கண்டியில் பிறந்த மலையகத் தமிழர், இலங்கையின் சீருடையை அணிந்து 800 எடுத்தவர். ஒருவர் கொண்டாடும் காரணத்துக்காகவே மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2020இல் அவருடைய வாழ்க்கையைப் படமாக்கும் முயற்சியில் விஜய் சேதுபதியின் பெயர் வந்ததும் எதிர்ப்புக் கிளம்பி, அவர் விலகியதும், வேறு நடிகரோடு 2023இல் ‘800’ வெளிவந்ததும் அண்மைச் செய்திகள்தாம். தமிழன் என்பதற்காகத் தமிழர் வாக்கு தானாகப் போய் விழுந்துவிடும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு நம்மவர்களைத் தெரியாது.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் ஒரு நடைமுறைத் தீர்வை இலங்கையின் பத்திரிகை ஒன்று நெடுங்காலமாக வைத்திருக்கிறது. ஒப்சேவர் பத்திரிகையின் பாடசாலைக் கிரிக்கெட் விருது 1979இல் ரஞ்சன் மடுகல்லையோடு தொடங்கியது. ஆண்டின் சிறந்த மாணவ வீரரைத் துறை தெரிந்தவர்கள் ஆட்டத் தரவுகளைப் பார்த்துத் தேர்வார்கள். அதோடு, மக்கள் மனங்கவர்ந்த மாணவ வீரர் என்று இன்னொரு விருது. பத்திரிகையில் வரும் கூப்பனை வெட்டி, பெயர் எழுதி அனுப்பவேண்டும். யாருக்குக் கூப்பன் அதிகமோ அவருக்கு அது. எந்தப் பள்ளிக்குப் பழைய மாணவர் பட்டாளம் பெரிதோ அதன் கை ஓங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. வடக்கின் சமரில் யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் கொடி பிடித்தவர்கள் இங்கேயும் இருப்பார்கள். தங்கள் பள்ளியின் எக்காலத்துக்குமான பதினொருவரைச் சொல்லச் சொன்னால், அதில் எட்டுப் பேர் தங்கள் வகுப்புத் தோழர்களாகவே இருப்பதன் மர்மம் அவர்களுக்குத் தெரியும். ஒப்சேவர்காரர்கள் அந்த அன்பை மறுக்கவும் இல்லை, அதைத் திறமைக் கணக்கோடு கலக்கவும் இல்லை. இரண்டு கேள்வி, இரண்டு கிண்ணம்.

1991இல் அதில் சிறந்த வீரருக்கான கிண்ணம் கட்டுகஸ்தோட்டை சென் அந்தனிஸ் கல்லூரியின் ஒரு மாணவனுக்குப் போனது. ஓஃப் ஸ்பின் வீசும் பையன், பெயர் முரளிதரன்.

2011 வாக்கெடுப்பும் அப்படி இரண்டாகப் பிரிந்திருந்தால் சண்டையே இருந்திருக்காது. உங்கள் மனதுக்கு நெருங்கியவர் யார் என்ற கேள்விக்குக் கபிலையும் வோர்னையும் சேவாக்கையும் சொன்ன ரசிகரை யாரும் திருத்த முடியாது. தலைசிறந்தவர் யார் என்று கேட்டுவிட்டு, விழுந்த அன்பை எண்ணி, அதைத் திறமையின் பட்டியல் என்று அறிவித்ததுதான் கோளாறு.

வோர்ன் 2022 மார்ச் 4 அன்று 52 வயதில் மறைந்தார். அதற்கு வெகு முன்பே, 2007இல், இருவரையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அவுஸ்திரேலியாவும் இலங்கையும் டெஸ்ட் தொடர் ஆடும்போது வெல்பவருக்கு இருவர் பெயராலும் ஒரு கிண்ணம் கொடுக்கிறார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் முரளியின் பெயர் முன்னே வரவேண்டும். தமிழ் அகரவரிசையிலும் மகரத்துக்குப் பிறகுதான் வகரம். கிண்ணத்தின் பெயர், வோர்ன்–முரளிதரன் கிண்ணம்.